ஐந்து அவுட் மிச்சம்: 2003 ரெட் சாக்ஸும் பெட்ரோவின் எட்டாவது இன்னிங்ஸும்

2003 அக்டோபர் 16, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம், பேஸ்பால் ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸின் கடைசி அவுட்டாக யாங்கீஸின் அல்ஃபோன்சோ சொரியானோவை ஸ்டிரைக் அவுட் செய்துவிட்டு (மூன்று ஸ்டிரைக் விழுந்தால் அடிப்பவர் அவுட்), ரெட் சாக்ஸ் பிட்சர் பெட்ரோ மார்டினெஸ் பந்து வீசும் மேடான மவுண்டிலிருந்து இறங்கி வருகிறார். வானத்தை நோக்கி விரலை உயர்த்துகிறார். தன் வேலை முடிந்தது என்று நினைத்த பிட்சர் செய்யும் சைகை அது. டக்அவுட்டில் சக ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடித்துப் பாராட்டுகிறார்கள். அதுவரை சரியாக 100 பந்து வீசியிருந்தார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 4, நியூயார்க் யாங்கீஸ் 2. இன்னும் ஆறு அவுட் எடுத்தால் 1986க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடருக்குள், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடருக்குள், காலடி.

அதற்கடுத்த அரை மணி நேரத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நான் ரெட் சாக்ஸ் ரசிகன். அந்த இரவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மேனேஜர் கிரேடி லிட்டில் ஒருவரின் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதுதான் பாஸ்டன் ரசிகர்களின் வழக்கம். அவர் செய்தது தவறு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தவறு அக்டோபரில் பிறந்ததல்ல என்பதே என் வாதம். மார்ச் கடைசியிலேயே அதற்கு விதை விழுந்துவிட்டது. விதைத்தவர்களில் நிர்வாகமும் உண்டு.

பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரு அணியும் மூன்று அவுட் விழும்வரை மாறி மாறி ஆடும், சமனானால் ஆட்டம் நீளும். அடித்தவர் நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன், எல்லைக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன். இதைத் தவிர, கிரிக்கெட் பழகியவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். பேஸ்பாலில் பிட்சரை ஒருமுறை எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப வர முடியாது. பந்துவீச்சாளரை ஒரு ஸ்பெல்லுக்குப் பிறகு ஓய்வு கொடுத்து மறுபடி அழைப்பதுபோல் இங்கே செய்ய இயலாது. இரண்டாவது, களத்தில் நிற்கும் கேப்டன் இந்த முடிவை எடுப்பதில்லை. யாரை எப்போது எடுப்பது, யாரை எந்த வரிசையில் ஆடவிடுவது எல்லாமே டக்அவுட்டில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் மேனேஜர் கையில். அவருக்கு மேலே, ஆட்டக்காரர்களை வாங்குவது, விற்பது, சம்பளம் பேசுவது எல்லாம் ஜெனரல் மேனேஜர் பொறுப்பு. இந்த இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பற்றியதுதான் இந்த ஆய்வு.

மட்டை பேசிய அணி

2002 தொடக்கத்தில் ஜான் ஹென்றி, டாம் வெர்னர், லேரி லுக்கினோ குழு ரெட் சாக்ஸை வாங்கியது. அந்த மார்ச்சில் லிட்டில் மேனேஜர் ஆனார். அந்த ஆண்டின் நவம்பரில் 28 வயது தியோ எப்ஸ்டைன் ஜெனரல் மேனேஜராக அமர்த்தப்பட்டார். புள்ளிவிவர ஆய்வில் பெயர் பெற்ற பில் ஜேம்ஸ் ஆலோசகராக வந்து சேர்ந்தார். அதாவது, கணக்கை நம்பும் அலுவலகம் அமைவதற்கு முன்பே, மனிதர்களின் மனதைப் படித்து நடத்தும் பழைய பாணி மேனேஜர் உள்ளே இருந்தார். லிட்டில் ஆட்டக்காரர்களுக்குப் பிடித்தமானவர். அறையில் சண்டை சச்சரவு இல்லாமல் பார்த்துக்கொண்டவர். 2002இல் 93 வெற்றி, 2003இல் 95 வெற்றி. குறை சொல்ல முடியாத எண்ணிக்கை.

எப்ஸ்டைன் அந்தக் குளிர்காலத்தில் செய்த வேலை அபாரமானது. மினசோட்டா ட்வின்ஸ் வேண்டாம் என்று விடுவித்த டேவிட் ஓர்டிஸை 12.5 லட்சம் டாலருக்கு எடுத்தார். ஜப்பானின் சூனிச்சி டிராகன்ஸுக்குப் போகவிருந்த கெவின் மில்லாரைப் பாஸ்டன் பக்கம் திருப்பினார். பில் மியூல்லர், டாட் வாக்கர் இருவரும் பெரிய பெயர் இல்லாமல் வந்தவர்கள். மியூல்லர் .326 சராசரியோடு அமெரிக்கன் லீகின் பேட்டிங் பட்டத்தையே வென்றார். இரண்டாமிடம் .325 எடுத்த மானி ராமிரெஸுக்கு. ஓர்டிஸ் 31 ஹோம் ரன். அணி மொத்தம் 961 ரன் குவித்தது, அந்த ஆண்டில் வேறெந்த அணியும் அவ்வளவு எடுக்கவில்லை. அடியின் பலத்தை அளக்கும் ஸ்லக்கிங் சராசரி .491. பேப் ரூத், லூ கெரிக் ஆடிய 1927 யாங்கீஸ் வைத்திருந்த சாதனையை அது தாண்டியது.

ஒன்பது பேர் வரிசையில் மூச்சு விட்டுக்கொள்ள ஓர் இடம்கூட எதிரணி பிட்சருக்குக் கிடையாது. டேமன், வாக்கர், கார்சியபாரா, ராமிரெஸ், ஓர்டிஸ், மில்லார், நிக்ஸன், மியூல்லர், வாரிடெக். பேட்டிங் பட்டம் வென்றவர் எட்டாவது இடத்தில் ஆடினார் என்றால் வரிசையின் ஆழம் புரியும். இந்த வரிசையில் எனக்கு ஒரு குறை உண்டு. நோமார் கார்சியபாரா செப்டம்பரிலிருந்தே தடுமாறிக்கொண்டிருந்தார். மூன்றாமிடம் அவருக்கென்று எழுதிவைத்ததுபோல லிட்டில் கடைசிவரை மாற்றவில்லை. நிலைத்த பெயருக்கு நிலைத்த இடம் என்பது அவர் குணம். அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிட்சிங்கில் பெட்ரோ தனி உயரம். 14 வெற்றி, 4 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.22 ரன்தான் கொடுத்தார், லீகிலேயே மிகக் குறைவு. 186⅔ இன்னிங்ஸில் 206 ஸ்டிரைக் அவுட். ஆனால் 2001இல் தோள்பட்டையில் காயம் பட்ட பிறகு அவர் முன்போல நீண்ட நேரம் வீசும் பிட்சராக இல்லை. முதல் நூறு பந்து வரை எதிரணி அவரைத் தொட முடியாது. அதைத் தாண்டினால் அவரை எதிர்கொள்பவர்களின் சராசரி சட்டென்று எகிறும். இது ரகசியமே இல்லை. அலுவலகத்தில் தாளில் இருந்தது. தொலைக்காட்சி பார்த்த எங்களுக்கே தெரியும்.

ஏப்ரலுக்கு முன்பே விழுந்த விரிசல்

கடைசி இன்னிங்ஸை மட்டும் வீசி ஆட்டத்தை முடிக்க ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்வது பேஸ்பாலில் ஊறிப்போன பழக்கம். குளோசர் என்பார்கள். பில் ஜேம்ஸின் கேள்வி எளிமையானது: மூன்று ரன் முன்னிலையோடு ஒன்பதாவது இன்னிங்ஸில் நுழைவதுதான் ஆட்டத்தின் ஆபத்தான நேரமா? ஏழாவதிலோ எட்டாவதிலோ இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது வீசத்தானே சிறந்த ரிலீவர் (நடுவில் வரும் மாற்றுப் பிட்சர்) வேண்டும்? அவர் கேட்டதில் தவறில்லை. இன்று பல அணிகள் அப்படித்தான் யோசிக்கின்றன.

ஆனால் அந்த யோசனையைச் செயல்படுத்த 2003 தொடக்கத்தில் பாஸ்டனிடம் ஆள் இல்லை. மார்ச் 31, முதல் ஆட்டம், டாம்பா பே. பெட்ரோ ஏழு இன்னிங்ஸ் வீசி முன்னிலையோடு ஒப்படைத்தார். ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் 4-1 என்று நுழைந்தார்கள். சாட் ஃபாக்ஸ் வீச, கார்ல் கிராஃபோர்ட் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து 6-4 என்று ஆட்டத்தை முடித்தார். அடுத்தடுத்த வாரங்களிலும் புல்பென், அதாவது ரிலீவர் கூட்டம், பல வெற்றிகளைக் கோட்டைவிட்டது. ரிலீவர்களுக்குத் தாங்கள் எப்போது அழைக்கப்படுவோம் என்றே தெரியவில்லை. லிட்டிலுக்கு இந்த ஏற்பாட்டில் ஆரம்பத்திலிருந்தே மனம் ஒட்டவில்லை.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. மே கடைசியில் ஷே ஹில்லன்பிராண்டைக் கொடுத்து அரிசோனாவிடமிருந்து பியுங்-ஹ்யுன் கிம்மை வாங்கினார்கள். ஜூலையில் ஸ்காட் வில்லியம்சன், ஸ்காட் சாவர்பெக், ஜெஃப் சுப்பான் வந்தார்கள். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஒரு புல்பென் உருவானது. ஆனால் ஓக்லாந்துக்கு எதிரான முதல் பிளே-ஆஃப் தொடரிலேயே கிம் தடுமாறினார். அடுத்த தொடரின் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

ஆறு மாதம் இதையெல்லாம் டக்அவுட்டில் உட்கார்ந்து பார்த்தவர் லிட்டில். மேலிடம் ஒரு கொள்கையை இறக்கியது, அது கண்ணெதிரே உடைந்தது, திட்டு வாங்கியது அவர். இப்படிப்பட்டவருக்குக் கதவைத் திறந்து வரும் ரிலீவர்மேல் நம்பிக்கை எங்கிருந்து வரும்? எதையும் நம்ப முடியாத வீட்டில் மூத்த பிள்ளை ஒருவனையே எல்லாவற்றுக்கும் கூப்பிடுவதுபோல, அவர் பெட்ரோவையே பார்த்தார். இது அவரை நியாயப்படுத்தாது. ஆனால் புரிந்துகொள்ள இது வேண்டும்.

இதில் மனதை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. அக்டோபரில் அதே புல்பென் வேறு புல்பென். ஆலன் எம்ப்ரீயும் மைக் டிம்லினும் அந்தப் பிளே-ஆஃப் முழுக்க ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. வில்லியம்சன் யாங்கீஸுக்கு எதிரான அந்தத் தொடரில் மட்டும் மூன்று ஆட்டங்களை முடித்துவைத்திருந்தார். ஏப்ரலின் நினைவு அக்டோபரின் உண்மையை மறைத்துவிட்டது.

அதைவிடவும் பெரிய சான்று பத்து நாள் முன்பு நடந்தது. அக்டோபர் 6, ஓக்லாந்து, ஐந்தாவதும் கடைசியுமான ஆட்டம். பெட்ரோ எட்டாவது இன்னிங்ஸைத் தொடங்கினார். இரண்டு பேர் தொடர்ந்து அடித்து ஒரு ரன் எடுத்து 4-3 ஆனதும் லிட்டில் தயங்காமல் அவரை எடுத்தார். எம்ப்ரீ இரண்டு இடக்கைக்காரர்களை வீழ்த்தினார், டிம்லின் மிகேல் தெஹாடாவை வீழ்த்தினார். இன்னிங்ஸ் முடிந்தது. அதே மேனேஜர், அதே பிட்சர், அதே எட்டாவது இன்னிங்ஸ், சரியான முடிவு. எனவே லிட்டிலுக்குத் தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது. அவருக்குத் தெரியும். செய்தும் காட்டியிருக்கிறார். அந்த ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் வில்லியம்சன் இரண்டு பேரை இலவசமாகப் பேஸுக்கு அனுப்பிவிட, வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்ட்டரான டெரெக் லோவை அழைத்துத்தான் உயிர் பிழைத்தார்கள். லிட்டிலின் மனதில் எட்டாவது இன்னிங்ஸின் பாடத்தைவிட ஒன்பதாவதின் பயம்தான் ஆழமாகப் பதிந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஏழாவது ஆட்டம்

யாங்கீஸுக்கு எதிரான தொடர் 3-3, இந்த ஆட்டத்தை வெல்பவர் உலகத் தொடருக்கு. இரு பக்கமும் பெரிய ஆட்கள்: பெட்ரோவும் ராஜர் கிளெமென்ஸும். டிராட் நிக்ஸனின் இரண்டு ரன் ஹோம் ரன், அதையடுத்து யாங்கீஸ் மூன்றாம் பேஸ்காரர் என்ரிகே வில்சன் செய்த எறிதல் பிழை என்று தொடக்கத்திலேயே பாஸ்டன் 3-0. நான்காவதில் மில்லார் ஹோம் ரன், 4-0. நான்கு தவறான பந்துகளால் நிக்ஸன் அடிக்காமலே நடந்து பேஸுக்குப் போக, மியூல்லரும் அடித்தார். ஒன்றிலும் மூன்றிலும் ஆள், யாரும் அவுட் இல்லை.

இங்கே யாங்கீஸ் மேனேஜர் ஜோ டோரி செய்ததைக் கவனிக்க வேண்டும். கிளெமென்ஸ் எப்பேர்ப்பட்ட பெயர்! டோரி போய்ப் பந்தை வாங்கிக்கொண்டார். தன் வாழ்நாளில் அதுவரை ரிலீவராக வீசியே இராத மைக் முசினாவை உள்ளே விட்டார். முசினா வாரிடெக்கை ஸ்டிரைக் அவுட் செய்தார், டேமனின் ஒரே அடியில் இரண்டு அவுட் எடுத்தார். மூன்று இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 961 ரன் எடுத்த வரிசை அதற்குப் பிறகு பதினோராவது இன்னிங்ஸ் முடியும்வரை எடுத்தது ஒரே ஒரு ரன், எட்டாவதில் டேவிட் வெல்ஸ் பந்தில் ஓர்டிஸ் அடித்த ஹோம் ரன். பெட்ரோவைப் பற்றிப் பேசும்போது இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நான்காவது இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் கூடுதலாக வந்திருந்தால் பின்னால் வந்த கதையே வேறு.

டோரியின் மற்ற இரண்டு முடிவுகளும் எனக்குப் பிடித்தவை. தடுமாறிக்கொண்டிருந்த ஜேசன் ஜியாம்பியை, அவ்வளவு சம்பளம் வாங்குகிறவரை, ஏழாமிடத்துக்கு இறக்கினார். அந்த ஜியாம்பி ஐந்தாவதிலும் ஏழாவதிலும் பெட்ரோ பந்தில் ஹோம் ரன் அடித்தார். பெட்ரோவை முன்பெல்லாம் நன்றாக ஆடியிருந்த வில்சனை மூன்றாம் பேஸில் நிறுத்தி ஏரன் பூனை உட்காரவைத்தார். வில்சனின் பிழையால் ரன் போனது உண்மை. ஆனால் உட்காரவைத்த பூன் கடைசிவரை கையிருப்பில் இருந்தார். பெயரைப் பார்க்காமல் அன்றைய நிலையைப் பார்த்து முடிவெடுத்தார் டோரி. கார்சியபாராவை மூன்றாமிடத்திலேயே வைத்திருந்த லிட்டிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏழாவது இன்னிங்ஸிலேயே பெட்ரோ களைத்திருந்தது தெரிந்தது. ஜியாம்பியின் ஹோம் ரன்னுக்குப் பிறகு வில்சன் அடித்தார், கரீம் கார்சியா அடித்தார். வரிசையில் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது ஆட்கள் தொடர்ந்து மூன்று பேர். சொரியானோவை வீழ்த்தி மீண்டார். அங்கிருந்துதான் நான் தொடக்கத்தில் சொன்ன காட்சி. டக்அவுட்டுக்கு வந்தவரிடம், இன்னும் ஒரு இன்னிங்ஸ் வீச முடியுமா என்று லிட்டில் கேட்டார். பெட்ரோ முடியாது என்று சொல்லவில்லை.

எட்டாவது

நிக் ஜான்சன் உயரத் தூக்கி அடித்து கார்சியபாரா கையில் அவுட். 5-2. இன்னும் ஐந்து அவுட்.

டெரெக் ஜீட்டர் வலது பக்கம் அடித்த பந்து நிக்ஸனைத் தாண்டிப் போய் இரண்டு பேஸ். அந்தப் பந்தின் பாதையை நிக்ஸன் சரியாகப் பிடிக்கவில்லை. இன்னும் நேராகப் பின்னோக்கி ஓடியிருந்தால் கிடைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். பெர்னி வில்லியம்ஸ் நடுவில் அடித்தார், ஜீட்டர் ஓடிவந்தார், 5-3.

லிட்டில் டக்அவுட்டை விட்டு மவுண்டை நோக்கி நடந்தார். புல்பென்னில் எம்ப்ரீ தயார். டிம்லினும் தயார். அடுத்து வருவது ஹிடெகி மட்சுயி, இடக்கைக்காரர். எம்ப்ரீ இடக்கைப் பிட்சர், இதற்கென்றே வைத்திருக்கும் ஆள். பெட்ரோ 115 பந்து வீசியாயிற்று. ரசிகர்கள் எல்லோரும் முடிந்தது என்றே நினைத்தோம். லிட்டில் பெட்ரோவிடம் ஏதோ கேட்டார். பெட்ரோ தலையசைத்தார். லிட்டில் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார்.

மட்சுயி வலது எல்லையோரமாக அடித்தார், பந்து துள்ளி ரசிகர்கள் பக்கம் போனதால் இரண்டு பேஸ். இரண்டிலும் மூன்றிலும் ஆள். அப்போதும் எடுக்கவில்லை. ஹோர்ஹே பொசாடா மட்டையில் சரியாகப் படாத பந்து, யாருக்கும் எட்டாமல் நடுக்களத்தின் முன்பகுதியில் மெதுவாக விழுந்தது. இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். 5-5. அப்போதுதான் லிட்டில் வந்து பந்தை வாங்கினார். 123 பந்து.

இந்த நான்கு அடிகளையும் பிரித்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது. நால்வருமே இரண்டு ஸ்டிரைக் விழுந்த பிறகுதான் அடித்தார்கள். பெட்ரோவின் பந்தில் வேகம் பெரிதாகக் குறையவில்லை. முதல் இரண்டு ஸ்டிரைக்கைப் பிடிக்க முடிந்தது. ஆளை முடிக்கும் அந்தக் கடைசிப் பந்து இல்லாமல் போயிற்று. களைப்பு இப்படித்தான் வெளிப்படும். வேகக் கருவியில் தெரியாது. வைக்க நினைத்த இடத்திலிருந்து பந்து ஒரு கை அகலம் விலகும். தவிர, அந்த ஐந்து பேருமே அன்று பெட்ரோவை நான்காவது தடவையாக எதிர்கொண்டார்கள். ஒரே பிட்சரை ஓர் இரவில் நான்கு முறை பார்த்தவனுக்கு அவருடைய பந்து எப்போது வளையும், எப்போது மெதுவாக வரும் என்று கண் பழகிவிடும். புல்பென்னிலிருந்து வருகிறவன் புதிய ஆள், புதிய கோணம்.

எட்டாவதைத் தொடங்க விட்டது தவறு. ஆனால் மன்னிக்கக்கூடிய தவறு. மூன்று ரன் முன்னிலை, கையில் அந்தத் தலைமுறையின் சிறந்த பிட்சர். ஜீட்டர் அடித்ததுமே எடுத்திருக்கலாம். அதையும் விட்டுவிடுகிறேன். மவுண்டுவரை நடந்து போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியதைத்தான் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் அங்கே போய் அவர் கேட்டார். கேட்டிருக்கவே கூடாது. பெட்ரோ போன்ற ஒருவரிடம், இந்த மைதானத்தில், இந்த எதிரியிடம், முடியுமா என்று கேட்டால் முடியாது என்று சொல்வாரா? பெருமையும் மானமும் உள்ள எந்த ஆட்டக்காரனும் சொல்ல மாட்டான். சொன்னால் காலம் முழுக்கக் கோழை என்று பெயர். அந்தப் பாரத்தை அவன் தோளிலிருந்து இறக்கிவைக்கத்தான் மேனேஜர் என்று ஒருவர் சம்பளம் வாங்குகிறார். ஆட்டம் முடிந்த பிறகு பெட்ரோ பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார், லிட்டிலைக் குறை சொல்லாதீர்கள் என்றார். பெரிய மனது. அந்தப் பெரிய மனதையே அங்கே போய்ச் சாட்சிக்குக் கூப்பிட்டதுதான் பிழை.

எம்ப்ரீ வந்து ஜியாம்பியை வீழ்த்தினார். டிம்லின் வந்து, பேஸ்கள் நிரம்பிய நிலையில், சொரியானோவை வீழ்த்தி இன்னிங்ஸை முடித்தார், ஒன்பதாவதையும் சுத்தமாக வீசினார். ஐந்து நிமிடம் முன்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ அதை வந்த பிறகு செய்துகாட்டினார்கள். யாங்கீஸுக்கு மரியானோ ரிவேரா 9, 10, 11 என்று மூன்று இன்னிங்ஸ் வீசினார். பாஸ்டனுக்கு அந்தத் தொடரில் இரண்டு ஆட்டங்களை வென்று தந்திருந்த நக்கிள்பால்காரர் (சுழலாமல் தள்ளாடி வரும் பந்தை வீசுபவர்) டிம் வேக்ஃபீல்ட் பத்தாவதிலிருந்து வீசினார். பதினோராவது இன்னிங்ஸின் முதல் பந்து. எட்டாவதில் ஓடுவதற்காக மட்டும் உள்ளே வந்து அப்படியே தங்கிவிட்ட ஏரன் பூன் இடப்பக்கம் தூக்கி அடித்தார். 6-5. நள்ளிரவு தாண்டி 16 நிமிடம்.

சாபம் என்ற சாக்கு

மறுநாளே சாபக் கதையை எடுத்துக்கொண்டார்கள். பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றதால் 1918க்குப் பிறகு பாஸ்டனுக்கு உலகத் தொடர் வாய்க்கவில்லை, 1978இல் ஹோம் ரன் அடித்த யாங்கீஸின் பக்கி டென்ட், 1986இல் பந்தைத் தவறவிட்ட ரெட் சாக்ஸின் பில் பக்னர், இப்போது பூன் என்று ஒரு மாலை. எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கவே பிடிக்காது. விதி என்று சொல்லிவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அதே வாரம், இரண்டே நாள் முன்பு, சிகாகோ கப்ஸும் எட்டாவது இன்னிங்ஸில் 3-0 முன்னிலையில், உலகத் தொடருக்கு ஐந்து அவுட் தொலைவில் நின்றது. அங்கேயும் நூறு பந்தைத் தாண்டிய இளம் பிட்சர் மார்க் பிரையரை மேனேஜர் டஸ்டி பேக்கர் விட்டுவைத்தார். ஃபுளோரிடா மார்லின்ஸ் ஒரே இன்னிங்ஸில் எட்டு ரன் எடுத்தது. அங்கே பழி பந்தைத் தொட்ட ஒரு பார்வையாளர் மேல் விழுந்தது, பாஸ்டனில் ரூத்தின் ஆவி மேல். இரண்டு இடத்திலும் களைத்த பிட்சர் மவுண்டில் நின்றுகொண்டிருந்தார்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: அப்படியானால் கணக்கு சொல்வதைக் கேட்டு நடந்தால் போதுமா? போதாது. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் இதற்கு நேர் எதிராகச் செய்தார். பிளேக் ஸ்னெல் 73 பந்துதான் வீசியிருந்தார், ஒன்பது ஸ்டிரைக் அவுட், இரண்டே அடி, 1-0 முன்னிலை. எதிரணி வரிசை மூன்றாம் முறை வருகிறது என்பதற்காக எடுத்தார். உள்ளே வந்த நிக் ஆண்டர்சன் அந்த அக்டோபரில் ஆட்டத்துக்கு ஆட்டம் ரன் கொடுத்துக்கொண்டிருந்தவர். மூக்கி பெட்ஸ் இரண்டு பேஸ் அடித்தார், டாட்ஜர்ஸ் 3-1 என்று வென்று கோப்பையையும் எடுத்தது. லிட்டில் கண்ணெதிரே களைத்துப்போனவரை விட்டுவைத்தார், கேஷ் கண்ணெதிரே ஜொலித்தவரை எடுத்தார். உள்ளே வரப்போகிறவன் இப்போது எப்படி வீசுகிறான் என்ற கேள்வியை இருவருமே கேட்கவில்லை. 2003இல் அதற்கான பதில் எம்ப்ரீ, டிம்லின் இருவருக்கும் சாதகமாக இருந்தது. 2020இல் ஆண்டர்சனுக்குப் பாதகமாக இருந்தது.

நிர்வாகத்தின் பங்கு

அக்டோபர் 27 அன்று ரெட் சாக்ஸ் லிட்டிலின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. ஓர் இன்னிங்ஸுக்காக மட்டும் எடுத்த முடிவல்ல என்றார்கள். அது உண்மை என்றே நம்புகிறேன். ஆனால் அந்த உண்மை நிர்வாகத்துக்கே எதிராகத் திரும்புகிறது. கணக்கின் மொழியைப் பேசாதவர் என்று முன்பே தெரிந்திருந்தால், அவரோடு உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டியது யார்? பெட்ரோ நூறு பந்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்ற தாளை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. அது அவர் மனதில் இறங்க வேண்டும். ஏப்ரலில் ஆள் இல்லாமல் ஒரு கொள்கையை இறக்கி, அது உடைந்தபோது அவரை முன்னால் நிறுத்திவிட்டு, அக்டோபரில் அதே கொள்கையின் உணர்வோடு முடிவெடுக்கவில்லையே என்று கேட்பது முழு நியாயமாக எனக்குப் படவில்லை.

நூறு பங்கில் அறுபது லிட்டிலுக்கு, முப்பது நிர்வாகத்துக்கு, நான்காவது இன்னிங்ஸில் பேஸில் நின்றவர்களை வீட்டுக்குக் கொண்டுவராத மட்டைக்குப் பத்து. என் கணக்கு இது. பெட்ரோவுக்கு ஒன்றுமில்லை.

அந்தக் குளிர்காலத்தில் எப்ஸ்டைன் இரண்டு துளைகளையும் அடைத்தார். கர்ட் ஷில்லிங் வந்தார், அதாவது எல்லாப் பாரமும் பெட்ரோ ஒருவர்மேல் விழ வேண்டியதில்லை. கீத் ஃபோல்க் என்ற முழு நேரக் குளோசர் வந்தார். மேனேஜராக டெரி ஃபிராங்கோனா வந்தார். கார்சியபாராவையே 2004 ஜூலை 31 அன்று வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். பெயருக்கு இடம் என்ற பழக்கம் அதோடு போயிற்று.

பிட்சரை எடுக்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. 2004 செப்டம்பர் 24, ஃபென்வே பார்க், எதிரே யாங்கீஸ். 4-3 முன்னிலை. ஃபிராங்கோனா பெட்ரோவை எட்டாவது இன்னிங்ஸுக்கு அனுப்பினார். அதே மட்சுயி ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார், யாங்கீஸ் வென்றது. நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம்.

மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 18, மறுபடி ஃபென்வே, மறுபடி யாங்கீஸ். தொடரில் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்று, நான்காவதை மட்டும் வென்றிருந்த நிலையில் ஐந்தாவது ஆட்டம். பெட்ரோ ஆறாவது இன்னிங்ஸில் தள்ளாடினார், ஜீட்டர் மூன்று ரன் அடித்தார், 4-2 என்று பாஸ்டன் பின்தங்கியது. ஏழாவதுக்கு பெட்ரோ வரவில்லை. டிம்லின் வந்தார். பிறகு ஃபோல்க், அரோயோ, மையர்ஸ், எம்ப்ரீ. எட்டாவதில் பாஸ்டன் சமன் செய்தது. பன்னிரண்டாவதிலிருந்து வேக்ஃபீல்ட். நக்கிள்பாலைப் பிடித்துப் பழகாத வாரிடெக் பதின்மூன்றாவதில் மூன்று தடவை பந்தைத் தவறவிட்டார், யாங்கீஸ் ஆட்டக்காரர் மூன்றாம் பேஸ்வரை வந்துவிட்டார். வேக்ஃபீல்ட் அந்த இன்னிங்ஸையும் முடித்தார், பதினான்காவதையும் முடித்தார். எட்டு இன்னிங்ஸ், அந்தப் புல்பென் ஒரு ரன் கொடுக்கவில்லை. பதினான்காவதின் கீழ்ப்பாதியில் ஓர்டிஸ் நடுவில் அடித்தார், டேமன் ஓடிவந்தார். வென்ற பிட்சர் என்று பதிவானது வேக்ஃபீல்டின் பெயர்.